இரவு ஷிப்ட் பார்த்த ரோஜாக்கள்

நேற்று தம்பி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. சூடேறிய பிளக் பாயிண்டின் வாசனை. முதலில் மீன் கருகுவது போல இருக்கும், பிறகு பிளாஸ்டிக்காக மாறும். உங்களுக்குத் தெரியாத வாசனையா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தண்ணீர் சுடவைக்கிற கம்பி, அயர்ன் பாக்ஸ், டிவி எல்லாவற்றையும் சொருகி வைத்திருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் மெயினை இறக்கினேன். டிவி நின்றது, ஃபேன் நின்றது, குளியலறையில் இருந்த தம்பி பெண்டாட்டி உள்ளிருந்தே திட்டினாள்.

தம்பி வந்து நின்றான். "அக்கா, மாமா போயிட்டாரு. அவரு வேலைய நீ எதுக்குத் தலையில தூக்கிக்கினு திரியற?"

"கைய வெச்சுப் பாரு" என்றேன்.

புறங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான். கம்பியைப் பிடுங்கித் தனியாக வைத்தான்.

உங்களோடு பேசுவதில்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவதென்றால்கூட "வரன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்றைக்கு மட்டும் சொல்லாமல் போனீர்கள். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீரவேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் நேற்று தம்பி வீட்டிலிருந்து திரும்பி, பாகலூர் ரோட்டில் பஸ் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தபோது, நீங்கள் செய்துவிட்டுப் போன காரியத்தின் அளவு எனக்கு மறுபடியும் தெரிந்தது. பழைய வீடு, மெல்லிய வயர். அதற்குள் ஒரு சூரியனைப் பங்கு போட்டுக் கட்டி வைத்தீர்கள். நான் பிடிவாதக்காரி, எதற்கும் லேசில் வாய் பிளக்கமாட்டேன். இதற்குப் பிளந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் முழுதாகக் கேட்டதில்லை நீங்கள்.

பூப்பண்ணையில் ரோஜா தரம் பிரிக்கிற ஷெட்டில் நான் நின்ற காலம். காம்பு குட்டையானது, கழுத்து வளைந்தது எல்லாவற்றையும் கழித்துப் போடுவோம். கழித்ததை மடியில் கட்டி வந்து நம் வீட்டுப் பக்கச் சந்தில் ஊன்றினேன். வேர் பிடித்தவை பூத்தன. ஒரு பூவின் தூளைக் கோழி இறகால் தொட்டு இன்னொரு பூவின் நடுவில் வைத்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பூச்சி செய்வதைப் பார்த்துச் செய்தேன். காய் பழுத்தது. விதையைப் போட்டேன். முளைத்ததில் பெரும்பாலும் செத்தது. பிழைத்த ஒன்று பூத்தபோது அந்தச் சந்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாங்கொட்டையை ஒட்டியிருக்கும் சதை இருக்கிறதே, அந்த நிறம். இதழின் ஓரத்தில் மட்டும் செங்கல் சிவப்பு. மோந்தால் எங்கோ ஏலக்காய்.

பண்ணை மேனேஜரிடம் ஒரு பூவைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் பெட்டியில் ஏற்றினால் ஊர்போய்ச் சேரும் முன் உதிர்ந்துவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்தால் எனக்கு ஆறிவிடுமா? உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு பூவைக் கையில் கொடுக்கிறேன், அவர் அட்டைப்பெட்டியை நினைக்கிறார்.

நீங்களும் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அந்தப் பூவின் நிறமெல்லாம் காலை வெயிலில்தான். மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். காலையில் நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து, கண்ணில் மணல் கொட்டினவர் போல வந்து பின்னறையில் விழுந்துவிடுவீர்கள். எழுந்து வரும்போது வெளுத்த பூதான் இருக்கும். அதைப் பார்த்து "உம்" என்பீர்கள். அந்த "உம்" என்னை எத்தனை வருஷம் எரித்தது தெரியுமா?

பிறகு அந்தக் கட்டடம் வந்தது. பக்கத்து மனைக்காரர் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட மூன்று மாடி எழுப்பினார். சந்தில் வெயில் நின்றுபோனது. நான் அவர் வாசலில் போய்ச் சண்டை போட்டேன், நகராட்சியில் போய் நின்றேன், பங்குச் சாமியாரை விட்டுப் பேசச் சொன்னேன். மனைக்காரர் சிரித்துக்கொண்டே, "வெயிலுக்கெல்லாம் பட்டா கெடையாதும்மா" என்றார். அன்றோடு அவரிடம் பேச்சு நின்றது.

நமக்கோ சிமென்ட் ஷீட் கூரை. தூக்கி வைக்க மாடி கிடையாது. செடி இலையை ஒவ்வொன்றாக உதிர்த்தது. தம்பிக்கு இரண்டு பதியன் கொடுத்தேன், ஆடு தின்றது. மிச்சம் ஒடித்த குச்சிகளைப் பெயின்ட் வாளிகளில் நட்டுக் குந்திக்கொண்டிருந்தேன். அந்தத் தாய்ச்செடியும் அந்த வாளிகளும் போனால், அந்தப் பூ உலகத்திலிருந்தே போயிற்று. எனக்கு அது மட்டும்தான் தலையில் ஓடியது. நீங்கள் ரிட்டையர் ஆகி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

நான் வேலை பார்த்த பண்ணையில் சாமந்திக்கு ராத்திரியில் போடுகிற பெரிய மஞ்சள் விளக்குகளைக் கழித்துப் போடுகிறார்கள் என்று நான் சாப்பிடும்போது சும்மா சொன்னேன். மறுநாள் உங்கள் மொபெட்டில் கோணிப்பை. நான்கு விளக்கு, அதன் கனத்த சோக்குகளோடு. இறக்கியதும் பின்னறையில் ஏணி போட்டீர்கள்.

பின்னறை! நீங்கள் பகலில் தூங்குவதற்காக நான் ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி கட்டி வைத்த அறை. பாத்திரம் தேய்த்தால் சத்தம் வருமென்று நான் தெருக்குழாயடியில் போய்த் தேய்த்ததும், விளையாடுகிற பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி ஊரெல்லாம் கெட்ட பெயர் வாங்கியதும் அந்த அறைக்காகத்தான். நம் வீட்டிலேயே இருட்டான இடம். அதில் நான்கு விளக்கும் எரிந்தபோது சுவரில் இருந்த ஆணி ஓட்டை வரைக்கும் தெரிந்தது. இலைகளின் நரம்பு தெரிந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நீங்கள் ஏணியிலேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலமே மீன் கருகின வாசனை வந்தது. நான் அடுப்பைப் பார்க்க ஓடினேன். நீங்கள் சுவிட்ச் போர்டில் புறங்கையை வைத்துவிட்டு, மெயினைப் போய் இறக்கினீர்கள்.

மறுநாள் காலை நாம் ஆடிய கூத்து எனக்கு இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. மெயின் போர்டில் இரண்டே சுவிட்ச். எது எதற்குப் போகிறது என்று இந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து நமக்குத் தெரியாது. நீங்கள் வாசலில் நின்று ஒன்றை இறக்கிவிட்டு, "என்ன செத்துச்சு?" என்று கத்துவீர்கள். நான் வீடு முழுக்கச் சுற்றி, "முன்ரூம் ஃபேன் செத்துச்சு, வாசல் லைட்டு செத்துச்சு" என்று கத்துவேன். பக்கத்துக் கட்டடத்துப் பையன்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். இரண்டாவது சுவிட்சை இறக்கினீர்கள். பின்னறை, சமையலறை, நடு ரூம், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஒன்றாகச் செத்தது. நீங்கள் வந்து தரையில் உட்கார்ந்து, "அத்தன வண்டியையும் ஒத்த மாடு இழுத்துக்கினு இருந்திருக்குது" என்றீர்கள். அந்த ஒற்றை வயருக்காகப் பரிதாபப்பட்டது போல இருந்தது உங்கள் குரல்.

தனி லைன் இழுக்கலாம் என்று எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். பழைய மண்சுவர், மழையில் ஊறியிருக்கிறது, வெட்டினால் சரியும், கோடை வரட்டும் என்றார். கோடை வரைக்கும் என் குச்சிகள் காத்திருக்குமா? நீங்கள் மறுநாள் போய், அந்த வயருக்குப் பொருந்துகிற சின்ன டிரிப்பரை வாங்கி வந்து மாட்டச் சொன்னீர்கள். கூடுதலாக இழுத்தால் அது தானே விழுந்து நிறுத்திவிடும் என்றீர்கள். பிறகு வாளிகளை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசைக்கு இரண்டு விளக்கு என்று கட்டினீர்கள். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒரு வரிசை. மறுபடி ஆறு வரை அடுத்தது. நான்கும் ஒருபோதும் சேர்ந்து எரியக் கூடாது. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் ஷிப்ட் மாறுகிற இடைவெளியில். அயர்ன் பாக்ஸ் முன்ரூமில் மட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் பரண்மேல் போட்டீர்கள்.

வாழ்க்கை முழுக்க உங்கள் ஷிப்டுக்குச் சமைத்தேன். கடைசியில் சட்னி அரைக்கவும் ஷிப்ட் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன்.

"சூப்ரவைசரம்மா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றீர்கள்.

எந்த வரிசை இரவுக்கு என்று கேட்டபோது நான் ஒப்பவில்லை. எந்தக் குச்சியையும் நைட் ஷிப்டுக்கு விடமாட்டேன் என்றேன். இரவு வேலை உடம்பை என்ன செய்யும் என்று உங்களைப் பார்த்து எனக்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே கறுத்தது, பசி செத்தது, ஞாயிறு பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தது எல்லாம் பார்த்தவள் நான். அதைச் சொன்னேன்.

நீங்கள் ஒரு வாளியின் மண்ணை விரலால் கிளறிக்கொண்டே சொன்னீர்கள்: "ராத்திரி வெளிச்சத்துல நின்னதால நான் கெடல. பகல்ல நீ இருட்டு பண்ணிக் குடுத்த. அதுலதான் பொழச்சேன். இதுங்களுக்கும் அப்படியே பண்ணிக் குடுத்துட்டா போவுது."

பரணிலிருந்து அந்தப் பழைய கறுப்புக் கம்பளியை எடுத்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டீர்கள். இந்தப் பக்கம் பகல், அந்தப் பக்கம் இரவு. ஒரே அறையில். நான் பண்ணிக் கொடுத்த இருட்டை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே தாய்ச்செடி செத்துவிட்டது. வேரோடு பிடுங்கிப் பார்த்தேன், கறுத்திருந்தது. வாளிகளிலும் இலை மஞ்சளாகத் தொடங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கேக் கொண்டுவந்த தம்பி பின்னறையை எட்டிப் பார்த்தான். பாதி விளக்கு அணைந்து கிடப்பதையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "இதுக்கா அழுவற? டிரிப்பர் சின்னது மாமா. பெருசா ஒண்ணு மாட்டினா நாலும் நிக்காம எரியும். எங்க கம்பெனில லைன் நின்னா முதல்ல அதத்தான் பண்ணுவாங்க" என்றான். மறுநாள் கையோடு பெரிய டிரிப்பரே வாங்கி வந்துவிட்டான்.

நான் அவன் பக்கம் நின்றேன். அதைத் தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். என் கண் முன்னால் சாகிறது, வழி இருக்கிறது என்று ஒருவன் சொல்கிறான், நிற்காமல் என்ன செய்வாள் ஒருத்தி?

நீங்கள் சத்தம் போடவில்லை. மெயினை இறக்கிவிட்டு, சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த வயரை வெளியே இழுத்துக் காட்டினீர்கள். சிவப்பு வயர் ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது.

"அன்னிக்கு ஒரு மத்தியானம் நாலு வெளக்கு எரிஞ்சதுல வெந்தது இது. டிரிப்பர் காவக்காரன்டா. அவன் கத்தறான்னு, கத்தாத காவக்காரனாப் பாத்து வெப்பியா?"

தம்பி கையிலிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வயருக்கும் முக்கா வயிறுதான் ஊட்டணும்" என்றீர்கள். இது என்னைப் பார்த்து.

"அப்ப என் செடி?"

"செடி பொறுக்கும். நெருப்பு பொறுக்காது."

வெந்த வயரை மாற்ற ஆளைக் கூப்பிட்டீர்கள். விளக்குகளை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினீர்கள். நான் அன்றிலிருந்து உங்களோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போவேன். ஆனால் இலை மஞ்சளாவது நின்றது. வெளிச்சம் போதாமல் வாடுகிறது என்று நான் நினைத்திருந்தேன். அதற்குச் சூடு தாங்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு காலை. ஆறு மணி ஷிப்ட் மாற்ற நான்தான் போனேன். கம்பளியை விலக்கினால், இரவு வரிசையில், சுவரோர வாளியில், ஒரு பூ. பகல் வரிசையில் ஒரு மொட்டுகூட இல்லை. இரவு ஷிப்ட் பார்த்ததுதான் முதலில் பூத்தது. "என்னங்க" என்று கூப்பிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. நீங்கள் பல் விளக்கிய வாயோடு வந்து நின்று, "ஓவர்டைம் பாத்திருக்குது" என்றீர்கள்.

ஆனால் நிறம் தெரியவில்லை. அந்த விளக்கில் எல்லாமே மஞ்சள்தான். என் சேலையும் மஞ்சள், உங்கள் நரையும் மஞ்சள். அதே பூவா, இல்லை ஏதாவது ஆகிவிட்டதா? நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தீர்கள். நம் தெருவில் வெயில் முதலில் விழுவது ரேஷன் கடைத் திருப்பத்தில்தான். அங்கே வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று பேசிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற பையன்கள் நம்மை வேடிக்கை பார்த்தார்கள்.

வெயில் வந்தது. முதலில் உங்கள் தோளில் விழுந்து, பிறகு பூவுக்கு இறங்கியது. மாங்கொட்டைச் சதை. ஓரத்தில் செங்கல் சிவப்பு. ஒரு சொட்டும் குறையவில்லை.

நான் பூவைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தேன். உங்கள் வாய் லேசாகத் திறந்திருந்தது. "இதத்தான் இத்தன வருஷமா சொல்லிக்கினு இருந்தியா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது அந்தச் செடி பல இடங்களில் இருக்கிறது. கோயில் வளாகத்தில் இருக்கிறது. தம்பி வீட்டில் ஆடு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் ஆள் விட்டுக் கேட்டார். அவருடைய மொட்டை மாடியில்தானே வெயில் முழுக்க இருக்கிறது, கொடுத்தேன். அவரிடம் பேசுவதில்லை, அது வேறு. நீங்கள் போய்ச் சேர்ந்த மாதமே சுவரை வெட்டித் தனி லைனும் இழுத்தாகிவிட்டது. நான்கும் சேர்ந்து எரியலாம். இனி அந்தப் பூ உலகத்தை விட்டுப் போகாது.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நடுவில் படுத்திருந்தும் பார்க்காதது.

மகள் துபாயிலிருந்து வந்து சேரவேண்டும் என்று உங்களை மறுநாள் வரை வைத்திருந்தோம். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை நடு ரூமில் இறக்கி, பிளக் எங்கே என்று கேட்டார். முன்ரூம் லைனில் ஏற்கெனவே பந்தல் விளக்கு, மைக், நான்கைந்து ஃபேன். நடு ரூம் பிளக் பின்னறை லைன். தம்பி அழுதுகொண்டே பரணிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்தான். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். பெண்கள் என்னைப் பிடித்தார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். விடுவித்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

பகல் வரிசை எரிந்துகொண்டிருந்தது. புதுத் துளிர், சிவப்பாக. அப்போதுதான் வேர் பிடித்த வாளிகள்; ஆடு தின்ற இரண்டைத் தவிர அன்றைக்கு எந்தச் செடியையும் நான் வெளியே கொடுத்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் அந்த அறையில்தான் இருந்தது. நான் இரண்டு விளக்கையும் அணைத்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். பிறகு நடு ரூமுக்கு வந்து, "இப்பப் போடுங்க. பெட்டிய நேரா செவுத்து பிளக்குல போடுங்க, இது வேணாம்" என்று தம்பி கையிலிருந்த பாக்ஸை வாங்கிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான். சுவரில் சொருகிவிட்டு, பிளக்கின் மேல் புறங்கையை வைத்தபடி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பகல் வரிசைக்கும் வேலை இல்லை, இரவு வரிசைக்கும் வேலை இல்லை. உங்களுக்காக எல்லோருக்கும் லீவு விட்டேன். பொறுக்கும் என்று சொன்னவர் நீங்கள்தானே.

கல்லறையிலிருந்து திரும்பியதும் குளிக்கக்கூடப் போகாமல் பின்னறைக் கதவைத் திறந்தேன். எந்த வரிசைக்கு எந்த நேரம் என்பதெல்லாம் குழம்பிப் போயிருந்தது. கைக்கு வந்த சுவிட்சைப் போட்டேன். உங்களுக்குத் தெரியும், அந்த விளக்கு சட்டென்று எரியாது. முதலில் ஒரு கங்கு. பிறகு செம்புப் பாத்திரத்தின் நிறம். பிறகு மெல்ல, மிக மெல்ல மஞ்சள் ஏறி, இலை ஒவ்வொன்றாகத் தெரிய வரும். துளிர் வாடியிருந்தது, சாகவில்லை. நான் எதற்கும் காத்திருக்கத் தெரியாதவள் என்று சொல்வீர்களே, அன்று அந்த வெளிச்சம் முழுதாக வரும்வரை கல்லறை மண் ஒட்டிய சேலையோடு நின்றேன்.

இப்போதும் சுவிட்சைப் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறேன். அவசரப்படுத்துவதில்லை.